பாட்டு டீச்சர் ஆயாவின் நினைவு மலர்: மணியார்டர் கணக்கை எழுதலாமா?

பாதிரிப்பூ எழுதியது:

எங்கள் ஆயா (அப்பாவின் அம்மா) காலமாகி அடுத்த மாதம் ஒரு வருடம் நிறைகிறது. நினைவு நாளன்று ஒரு சின்ன மலர் அச்சடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பெரியப்பா இரண்டு பக்கம் எழுதியும் தந்துவிட்டார். அதைச் சரிபார்த்து அச்சகத்தில் கொடுக்கிற வேலை என் தலையில்.

ஆயா 1942-இல் பிறந்தவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைக் கல்லூரியில் படித்துச் சங்கீத பூஷணம் பட்டம் வாங்கியவர். 1963-இல் கல்யாணம். தாத்தா அப்போது பட்டாளத்தில், சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் பிரிவில் நாயக். 1984-இல் சுபேதாராக ஊர் திரும்பினார். இடையில் ஆயா அவரோடு சேர்ந்து இருந்தது ஜபல்பூர், மஹூ, செகந்திராபாத் என்று மூன்று ஊர்களில்தான். மற்ற காலமெல்லாம் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில். மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள், கூடத்தில் பாட்டு கிளாஸ். காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம், பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கூட்டம்.

பெரியப்பா எழுதியிருப்பது இது: “தந்தை எல்லையில் தேசம் காக்க, தாய் இல்லத்தில் குலவிளக்காய்த் திகழ்ந்தார். ஓய்வு நேரத்தில் சிறுமியர்க்கு இசையும் பயிற்றுவித்தார்.”

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. தாத்தாவின் கறுப்புப் பெட்டிக்குள் ஆயாவின் கணக்கு நோட்டுகள் இருந்தன. மாதாமாதம் ஒரே மாதிரி ஒரு வரி வருகிறது: “மணியார்டர் வந்தது. மாமாவிடம் கொடுத்தது.” மாமா என்பது ஆயாவின் மாமனார். அத்தோடு அந்தப் பணத்தின் கதை முடிந்தது. தாத்தாவின் இரண்டு தங்கைகள் கல்யாணக் கடனுக்கு அது போயிருக்கிறது என்று அப்பா சொல்கிறார். அதற்குக் கீழே பாட்டு கிளாஸ் வரவு தனி. மளிகை, பால், மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், பெரியப்பாவின் பாலிடெக்னிக் பீஸ் எல்லாம் அந்த வரவில்தான் கழிகின்றன.

இதை மலரில் எழுத வேண்டும் என்கிறேன் நான். “போனவர்களைச் சந்திக்கு இழுக்காதே” என்கிறார் பெரியப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கெடிலக்கரை எழுதியது:

நினைவு மலரை யார் படிக்கிறார்கள்? முதல் பக்கத்தில் படம், கடைசிப் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் பெயர். என் பெயர் விட்டுப்போச்சு என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் முதலில்.

ஓய்வுபெற்ற சிக்னல்காரன் எழுதியது:

மகளே, நானும் அதே சிக்னல்ஸ்தான். ஜபல்பூரில் பயிற்சி முடித்தவன், இப்போது பண்ருட்டிப் பக்கம் விவசாயம். தாத்தா பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா.

அந்தக் காலத்தில் ஃபேமிலி அலாட்மென்ட் என்று ஒரு ஏற்பாடு. சம்பளத்தில் இவ்வளவு பிடித்து வீட்டுக்கு அனுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் மணியார்டர் தானாகப் போய்க்கொண்டிருக்கும். சம்பளமே கொஞ்சம். தங்கைகள் கல்யாணக் கடன் தலைமேல் இருக்கிற மூத்த பிள்ளை அதை அப்பா கையில் சேர்க்கச் சொன்னது குற்றம் இல்லை. எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போனவன் எவனுமே அப்படித்தான் செய்தான்.

கூட வாழ்ந்தது ஏன் மூன்று ஊரில் மட்டும் என்று இளசுகளுக்குப் புரியாது. லடாக், நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) மாதிரி ஃபீல்டு ஏரியாவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. பீஸ் ஸ்டேஷன் கிடைத்தாலும் குவார்ட்டர்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்து, பால் கார்டு, ரேஷன் எல்லாம் ஒழுங்குக்கு வருவதற்குள் அடுத்த மூவ்மென்ட் ஆர்டர் வந்துவிடும். லீவு வருடத்துக்கு இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்காரர் ராஜா. மற்ற பத்து மாதம் அந்த அம்மாதான் எல்லாம்.

கடித உறைகள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கே இருக்கிறோம் என்று நாங்கள் எழுதக் கூடாது. ஆனால் முகவரியில் 56 ஏபிஓ (ஏபிஓ என்றால் பட்டாளத்துத் தபால் நிலையம்) என்று இருந்தால் டெல்லி வழியாகப் போகிற தபால், 99 ஏபிஓ என்றால் கல்கத்தா வழி. உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினாலே எந்த வருடம் வடக்கே, எந்த வருடம் கிழக்கே என்று தெரிந்துவிடும்.

பாதிரிப்பூ எழுதியது:

நன்றி ஐயா. உறைகள் ஒரு கட்டு இருக்கின்றன, இரண்டு எண்களும் உண்டு. 1971 டிசம்பர் பக்கத்து நோட்டில் பாட்டு கிளாஸ் ஒருநாள் கூட நிற்கவில்லை. பேட்டரி செல் வாங்கிய செலவு மட்டும் அடிக்கடி வருகிறது. காலை டெல்லிச் செய்தி கேட்க ரேடியோவை ஆயா அடுப்படிக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று அப்பா சொன்னார்.

ஓய்வுபெற்ற சிக்னல்காரன் எழுதியது:

போர் 3-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி முடிந்தது. ஆனால் எங்கள் கடிதங்கள் ஊர் வந்து சேர ஜனவரி ஆகிவிட்டது. ஊரார் செய்தியெல்லாம் எங்கள் கை வழியாகப் போகும், எங்கள் வீட்டுக்கு ஒரு வரி போட முடியாது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடவும் பயம், ஓடாமல் இருக்கவும் பயம் என்று என் வீட்டம்மா இன்றைக்கும் சொல்வார்.

மஞ்சக்குப்பத்து மருமகள் எழுதியது:

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

என் மாமியாரும் பட்டாளத்தார் மனைவிதான். இருபது வருடம் தனியாக வீட்டை ஆண்டவர் சாவிக்கொத்தை யாரிடமும் கொடுக்க மாட்டார். புருஷன் ஓய்வு பெற்று வந்தாலும் சரி, மருமகள் வந்தாலும் சரி. காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்திருக்க வேண்டும், கொத்தமல்லிக் கட்டு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஊருக்குள் அவருக்கு ‘கமாண்டர்’ என்றே பெயர். பேத்திக்கு ஆயா தெய்வம், சரி. உங்கள் வீட்டு மருமகள்களைக் கேட்டீர்களா?

பாதிரிப்பூ எழுதியது:

நியாயமான கேள்வி. அம்மாவிடம் கேட்டேன். முதலில் சிரித்தார். அப்புறம் மடமடவென்று சொன்னார். கல்யாணமாகி வந்த முதல் மாதமே கணக்கு நோட்டில் ஒரு பக்கம் கோடு போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறார் ஆயா. காய்கறிச் செலவு அம்மா எழுத வேண்டும், ராத்திரி ஆயா பார்த்து டிக் போடுவார். பெரியம்மா ஒருமுறை நாலணா விட்டுவிட்டதற்கு இரண்டு நாள் பேச்சு இல்லையாம். தாத்தா ஓய்வு பெற்று வந்த பிறகு அவருக்கும் அதே நோட்டுதான். சிகரெட் வாங்கினால் சிகரெட் என்றே எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். பெரிய அத்தை இசைக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டபோது ஆயா மறுத்து, டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்டில் சேர்த்துவிட்டாராம். சிதம்பரத்தில் படித்த ஒருவர் தன் மகளைச் சிதம்பரத்துக்கு அனுப்பவில்லை. இது எனக்கு இதுவரை தெரியாது.

மஞ்சக்குப்பத்து மருமகள் எழுதியது:

பார்த்தீர்களா. இதையும் மலரில் போடுங்கள். தாத்தா பணத்தை எங்கே கொடுத்தார் என்று எழுதுகிறவர் இதை மட்டும் மறைத்தால் அது நியாயமா?

சுருதிசேர் எழுதியது:

நான் புதுச்சேரியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். முத்தியால்பேட்டையில் கிளாஸ் நடத்துகிறேன். அத்தை விஷயத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்பு வேண்டாம்.

பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அன்றைக்கு இருந்த வழிகள் எத்தனை? அரசின் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு இசைத் தேர்வு எழுதி, ஆசிரியர் பயிற்சியும் முடித்தால் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை. அந்த இடங்கள் ஒரு ஊருக்கு ஒன்றிரண்டு தேறினால் பெரிது. ரேடியோவில் ஆடிஷன் தேறி கிரேடு வாங்கினால் எப்போதாவது நிகழ்ச்சி. கச்சேரிக்கு ஊர் ஊராகப் போக வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக் கூடத்தில் கிளாஸ். அந்தக் கூடத்தில் எவ்வளவு வருகிறது என்று பைசா சுத்தமாகத் தெரிந்தவர் உங்கள் ஆயா. மகள் மாதச் சம்பளத்துக்குப் போகட்டும் என்று நினைத்திருப்பார்.

பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் இரண்டு பாட்டு சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு வருகிற அம்மாக்கள் எனக்கே இன்றும் உண்டு. அவர்களை உங்கள் ஆயா எப்படிச் சமாளித்தார் என்று ஆசையாக இருக்கிறது.

கெடிலக்கரை எழுதியது:

அதற்கு நான் சாட்சி. என் அக்காவை அம்மா அந்த வீட்டுக்குத்தான் கூட்டிப்போனார். “பாட்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் விஜயதசமிக்கு வாங்க. மாப்பிள்ளைக்காக என்றால் ரெக்கார்டு போட்டுக் காட்டுங்க” என்று டீச்சர் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா விஜயதசமிக்குப் போனாள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் முடித்துக் கீதத்துக்கு வருவதற்குள் கல்யாணமும் ஆகிவிட்டது.

பீஸ் தராத பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். தேவனாம்பட்டினத்துக் குப்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் மீன் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று அக்கா சொல்வாள். நோட்டில் அது எந்தக் கணக்கில் வருகிறது?

பாதிரிப்பூ எழுதியது:

அட, நீங்களா! ஆமாம், சில பெயர்களுக்கு எதிரே தொகை இல்லாமல் “வரும்” என்று மட்டும் எழுதியிருக்கிறார். வருடக்கணக்கில் “வரும்” என்றே போகிறது.

சுருதிசேர் அக்கா, உங்களிடம் ஒரு சந்தேகம். கணக்கு நோட்டுகளோடு சுரம் எழுதிய நோட்டுகளும் இருக்கின்றன. கடலூர் நோட்டுகள் எல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகின்றன. ஜபல்பூரில் எழுதியது மட்டும் சங்கராபரணத்தில் தொடங்குகிறது. பக்கத் தலைப்பில் ‘பிலாவல்’ என்று இருக்கிறது. ஏன்?

சுருதிசேர் எழுதியது:

இதைப் படித்ததும் உங்கள் ஆயா மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. நம் பக்கம் முதல் பாடம் மாயாமாளவகௌளை. வடக்கே பிள்ளைகளுக்குப் பிலாவலில் தொடங்குவார்கள். பிலாவல் தாட்டின் (தாட் என்பது வடக்கே ராகங்களுக்கு அடிப்படையான சுர வரிசை) சுரங்களும் நம் சங்கராபரணத்தின் சுரங்களும் ஒன்றே. பஞ்சாபி, கடுவாலிப் பெண்கள் கற்க வந்திருப்பார்கள். என் வழிக்கு வா என்று சொல்லாமல், அவர்கள் காது பழகிய இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கியிருக்கிறார். சிதம்பரத்தில் அவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு குவார்ட்டர்ஸ் வராந்தாவில் தானாக யோசித்துச் செய்தது.

மலரில் அந்த ஒரு பக்கத்தைப் படமாகப் போடுங்கள். பெரியப்பாவின் குலவிளக்கு வரியைவிட அது அதிகம் பேசும்.

அவரிடம் வீணை இருந்ததா?

பாதிரிப்பூ எழுதியது:

இருந்தது. தஞ்சாவூர் வீணை, கிளாஸ் பணத்தில் சேர்த்து வாங்கியது. ஜபல்பூருக்கும் போய் வந்திருக்கிறது. ரயிலில் அதற்கு ஒரு இடம் பிடிப்பதற்காகத் தாத்தா ஹோல்டாலை (படுக்கைச் சுருளை) கீழே போட்டு ராத்திரி முழுக்கத் தரையில் படுத்தாராம்.

சுருதிசேர் எழுதியது:

ஜபல்பூர் வெயிலில் வீணையா! தந்திக்குக் கீழே வரிசையாக இருக்கும் உலோக மெட்டுகள் 24-ம் மெழுகில்தான் நிற்கின்றன. சூடு ஏறினால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுரம் கலையும். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைத் திரும்பச் சுரத்துக்குப் பதிக்க, அங்கே ஆளுக்கு எங்கே போவார்? ஒன்று, தானே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கோடை முழுக்க உறையை அவிழ்க்காமல் வைத்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற சிக்னல்காரன் எழுதியது:

அந்த வீணையின் பலா மரம் எங்கள் பண்ருட்டி மரமாகக்கூட இருக்கலாம். தஞ்சாவூர்க்காரர்கள் இங்கே வந்துதான் வாங்குவார்கள். தானே புயலில் (2011 டிசம்பர் 30) என் கொல்லையில் பலா மரங்கள் சாய்ந்தபோது விறகு விலைக்குத்தான் போயின. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இழைக்குச் சம்பந்தம் இல்லை, மன்னிக்கவும்.

பாதிரிப்பூ எழுதியது:

சம்பந்தம் இருக்கிறது ஐயா. தானேயில் எங்கள் ஓடு பறந்து ஒரு பெட்டி நோட்டு நனைந்துவிட்டது. பேனாவில் எழுதிய பக்கங்கள் கலங்கிவிட்டன, பென்சிலில் எழுதியவை தப்பின.

வில்லியனூரான் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து ஒரு மாற்றுக் கதை. என் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனாவுக்குப் போனவர். 1962-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். தாத்தா இருந்தவரை எங்கள் ஆயா வாயே திறக்க மாட்டார். தாத்தா போய், விதவை பென்ஷன் ஆயா பெயருக்கு வந்ததும் வீடே அவர் சொல்படி ஆடியது. பிராங்கில் வந்து பிறகு யூரோவில் வந்த பணம், சும்மாவா? உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொடுக்க வருடாவருடம் மகன்களும் மருமகள்களும் தாங்கித் தாங்கிக் கூட்டிப்போவார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குத் தாத்தாவின் மெடலோடு போவோம்.

எங்கள் வீட்டில் ஆயாவின் அதிகாரம் தாத்தா விட்டுப்போன காகிதத்திலிருந்து வந்தது. உங்கள் ஆயா சாப்பிட்டதும் சாப்பாடு போட்டதும் தன் தொண்டையால் சம்பாதித்து. அதிகாரம் செய்தார் என்றால் செய்யட்டுமே. மலரில் எழுதாமல் விட என்ன இருக்கிறது?

மஞ்சக்குப்பத்து மருமகள் எழுதியது:

சம்பாதித்தவர் அதிகாரம் செய்யலாம் என்றால், அதையேதானே இத்தனை காலம் ஆண்கள் சொன்னார்கள்? நாலணாவுக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தது நாலணாவுக்காகவா?

வில்லியனூரான் எழுதியது:

அந்த நாலணாவைச் சேர்க்க அவர் எத்தனை பிள்ளைகளின் அபசுரத்தைக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

மஞ்சக்குப்பத்து மருமகள் எழுதியது:

நினைத்துப் பார்த்தேன். பெரியம்மாவையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். உங்களுக்கு அந்த இரண்டாவது பழக்கம் இல்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

இருவரும் கொஞ்சம் நிதானம். ஆள் மேல் பேச்சு வேண்டாம்.

பாதிரிப்பூ எழுதியது:

நேற்று பெரிய அத்தையிடமே போனில் பேசிவிட்டேன். சண்டை எல்லாம் தேவையே இல்லை போல. அத்தை சொன்னது: “எனக்குச் சுருதி நிற்காது. அம்மாவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். சிதம்பரம் போயிருந்தால் அழுதுகொண்டு திரும்பியிருப்பேன். டைப்ரைட்டிங்கால்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது, அதில் ஒரு மனக்குறையும் இல்லை. வீணையைத் தூக்கி உங்க அப்பன்கிட்ட கொடுத்தாளே, அதைத்தான் மன்னிக்க மாட்டேன். அவனுக்கு அதில் தூசி தட்டக்கூடத் தெரியாது.”

அப்பாவிடம் சொன்னேன். பதில் இல்லை. வீணை எங்கள் சென்னை வீட்டு ஹாலில் சுவரோரம்தான் இருக்கிறது. தந்தி இரண்டு அறுந்திருக்கிறது.

கெடிலக்கரை எழுதியது:

உண்மையான பஞ்சாயத்து இப்போதுதான் வெளியே வருகிறது.

சுருதிசேர் எழுதியது:

வீணையை அத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். மேளம் கட்ட ஆள் நான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற சிக்னல்காரன் எழுதியது:

மகளே, அத்தை இப்போது எங்கே இருக்கிறார்? அவர் கணவர்?

பாதிரிப்பூ எழுதியது:

மாமா 2016-இலேயே தவறிவிட்டார். அதிலிருந்து அத்தை ஆயாவோடு திருப்பாதிரிப்புலியூரில்தான் இருந்தார். அவர் வேலை பார்த்தது தனியார் கம்பெனி, பென்ஷன் எதுவும் கிடையாது. ஏன் ஐயா?

ஓய்வுபெற்ற சிக்னல்காரன் எழுதியது:

அப்படியானால் மலரைவிட இது அவசரம். தாத்தாவுக்குப் பிறகு ஆயா வாங்கியது குடும்ப ஓய்வூதியம். பெற்றோர் உயிரோடு இருந்தபோதே கணவரை இழந்து அவர்களைச் சார்ந்து இருந்த மகளுக்கு அந்த ஓய்வூதியம் தொடர வழி உண்டு. வருமான வரம்பு இருக்கிறது, சான்றுகள் கேட்பார்கள். தாத்தாவின் பிபிஓ (ஓய்வூதிய ஆணை), டிஸ்சார்ஜ் புத்தகம், இருவரின் இறப்புச் சான்று, மாமாவின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

முக்கியமாக, அத்தையின் பெயரும் பிறந்த தேதியும் பட்டாளத்து ரெக்கார்ட்ஸில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை பிறந்தால் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று போடுவார்கள். நம் ஊர்ப் பெயர்கள் அதில் படும் பாடு சொல்லி முடியாது. ஆதாரில் ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பாதிரிப்பூ எழுதியது:

வீட்டில் யாருக்குமே இது தெரியாது. பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது, பார்த்த ஞாபகம். தேடுகிறேன்.

மலர் விஷயம்: ஜபல்பூர் நோட்டுப் பக்கத்தையும் கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தையும் பெரியப்பாவிடம் நேரில் காட்டினேன். கணக்குப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பாலிடெக்னிக் பீஸ் கட்டிய மாதம் அது. கடைசியில் “ஓய்வு நேரத்தில்” வரியை அவரே அடித்துவிட்டார். ஆனால் மணியார்டரைப் பற்றி அவர் சொல்கிற மாதிரிதான் போட வேண்டும் என்று நிபந்தனை. இப்போது இருப்பது இப்படி:

“அப்பா அனுப்பிய பணம் தாத்தாவின் கடனை அடைத்தது. எங்கள் மூவரையும் படிக்க வைத்தது அம்மாவின் பாட்டு. அம்மாவிடம் கணக்குக் காட்டாமல் எங்கள் வீட்டில் யாரும், அப்பா உட்பட, ஒரு பைசா செலவழித்ததில்லை. அதில் எங்கள் மனைவிமார்கள் பட்ட பாட்டை அவர்களிடமே கேட்டுக்கொள்ளவும்.”

கடைசி வரி பெரியம்மா சொல்லிச் சேர்த்தது.

மஞ்சக்குப்பத்து மருமகள் எழுதியது:

பெரியம்மாவுக்கு என் வணக்கம். மலர் ஒன்று எனக்கும் எடுத்து வையுங்கள்.

சுருதிசேர் எழுதியது:

நோட்டை ஸ்கேன் செய்யும்போது கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். வண்ணத்தில், குறைந்தது 300 டிபிஐ வையுங்கள். சுரத்துக்கு மேலே இருக்கும் புள்ளி தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி), கீழே இருந்தால் மந்தரம் (கீழ் ஸ்தாயி). பென்சில் புள்ளி விழுந்துவிட்டால் பாட்டே மாறிவிடும். நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கங்களை நீங்களே பிரிக்க வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஓய்வுபெற்ற சிக்னல்காரன் எழுதியது:

டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்ததா? அத்தையைக் கூட்டிக்கொண்டு கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது எனக்குத் தனிமடல் போடுங்கள். பண்ருட்டியிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுவேன். அசலோடு இரண்டு செட் ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள்.